லுவோ சுன்ஷெங் எழுதாத பாட்டு

கான் ருய்ஜென் அக்காவைப் பற்றி எழுதலாமா என்று ரொம்ப நாள் தயங்கினேன். "எழுது தம்பி, ஆனா என்னை நல்லவளா மட்டும் ஆக்கிடாதே" என்று அவரே சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன். அவரை நல்லவராக்கினால் என் பங்கும் அதிலேயே மறைந்துபோகும். அந்த ஆசை எனக்கு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஜெராக்ஸ் கடை, மேல்நிலைப் பள்ளியின் பின்வாசலுக்கு எதிரே, நூடுல்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே இருக்கிறது. இரண்டு இயந்திரம், ஒரு கணினி, காகிதம் வெட்டுகிற பெரிய கத்தி. நான் மூங்கில் சாமான் ஏற்றுமதி செய்யும் அலுவலகத்தில் கடிதம் எழுதுகிறவன். ஒவ்வொரு வருடமும் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் போவதற்கு முன் என் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும், எதுவும் எழுதாத பக்கங்கள் உட்பட, மூன்று பிரதி எடுப்பேன். "வெறும் பக்கத்துக்கு எதுக்கு மூணு காப்பி? ஒண்ணுமில்லைங்கிறதை மூணு தடவை சொல்லணுமா?" என்று முதல் வருடமே கேட்டார். யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்றேன். "இந்தப் பயத்தை வெச்சுக்கிட்டு எப்படித்தான் கடல் தாண்டி வந்தியோ" என்று எடுத்துக் கொடுத்தார். பத்தொன்பது வருடமாக அதே கேள்வி, அதே மூன்று பிரதி.

அக்காவுக்கு ஐம்பத்துநான்கு வயது. கணவர் சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் ஆறு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மகள் ஹாங்ஜோவில் வேலை பார்க்கிறாள். கடையில் கேள்வித்தாள், கல்யாண அழைப்பு, வாடகை அறிவிப்பு எல்லாம் அச்சாகும். மாதம் ஒருமுறை ஊர்க் கவிதைச் சங்கத்தின் எட்டுப் பக்க இதழும் அச்சாகும், இருநூறு பிரதி. சங்கத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். பழைய முறைப்படி, ஏற்ற ஓசையும் இறக்க ஓசையும் விரலில் எண்ணி எண்ணி எழுதுவார்கள். கை நடுங்கி எழுதியதை அக்கா கணினியில் ஏற்றுவார். ஏற்றும்போது ஓசை தட்டுகிற இடத்தில் யாருக்கும் சொல்லாமல் ஒரு எழுத்தை மாற்றிவிடுவார். எழுதியவர் இதழை வாங்கிப் படித்துவிட்டு, "பரவாயில்லையே, நான் நல்லாத்தான் எழுதியிருக்கேன்" என்று போவார். பல வருடமாக நடக்கிறது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்தவர் பெயரில் எழுத அக்காவுக்குக் கை பழகியது இப்படித்தான்.

அவருக்கு அந்த ஓசைக் கணக்கைக் கற்றுக்கொடுத்தவர் நியே ஷாவ்தாங் வாத்தியார். எதிரே இருக்கிற பள்ளியில் முப்பத்தாறு வருடம் மொழிப்பாடம் எடுத்தவர். போன ஆகஸ்டில் அவருக்கு எண்பத்துமூன்று நிறைந்தது. இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. நான்சாங்கில் பெரிய மருத்துவமனையில் செப்டம்பர் பதினெட்டாம் தேதிக்கு அறுவை சிகிச்சை குறித்திருந்தார்கள். தள்ளிப்போட்டால் அந்தக் கண்ணும் இல்லை என்று மருத்துவர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

பிறந்தநாளன்று வாத்தியார் எட்டு வரியில் ஒரு பாட்டு எழுதினார். ஒரு கண்ணால் இவ்வளவு பார்த்தாயிற்று, போதும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களே, இப்போது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், சொல்லுங்கள் என்பது பாட்டின் சாரம். அதைப் பழைய மாணவர்களுக்கு அனுப்பச் சொல்லி அக்காவிடம் கொடுத்தார்.

பாட்டு வந்தால் பாட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். வந்த பாட்டு ஐந்து இடத்தில் என்னென்ன எழுத்தில் முடிகிறதோ, அதே ஐந்து எழுத்து, அதே வரிசையில் பதிலிலும் வந்தாக வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் சரக்கு. பதில் எழுதாமல் விடுவது, நீட்டிய கையைப் பார்க்காததுபோல் கடந்துபோவதற்குச் சமம்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடு" என்றாராம் வாத்தியார். "எவனாவது என்னை மெழுகுவர்த்தின்னு எழுதினா திருப்பி அனுப்பிடு. உருகுறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லை."

அக்கா அந்தப் பாட்டை வகுப்பின் கைபேசிக் குழுவில் போட்டார். நாற்பத்துமூன்று பேர். முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். சிலர் ரோஜாப்பூ. ஒருவர் ஆடுகிற பூனைக்குட்டி. மீன் தீவனம் விற்கிற ஒருவர், "வாத்தியார் பாட்டு பிரமாதம், அர்த்தம் யாராவது சொல்லுங்கப்பா" என்று எழுதினார். இன்னொருவர், "ருய்ஜென், எனக்கும் சேத்து ஒண்ணு எழுதிப் போட்டுடு. நீதானே அப்பவே பரிசு வாங்கினவ" என்றார். அதற்குக் கீழே மூன்று பேர், "எனக்கும்", "எனக்கும்", "எனக்கும்".

வாத்தியார் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைக்குப் போன் செய்வார். கைபேசிக் குழுவை அவர் 'தபால்' என்பார்.

"தபால் வந்துதாம்மா?"

"வந்துக்கிட்டிருக்குங்கய்யா. எல்லாரும் யோசிக்கிறாங்க."

"யோசிக்கட்டும், யோசிக்கட்டும். சுன்ஷெங்?"

"இன்னும் இல்லைங்கய்யா."

கடைசிக் கேள்வி எப்போதும் அதுதான். லுவோ சுன்ஷெங், படகுக்காரர் ஒருவரின் மகன். இப்போது குவாங்டாங்கில் பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். குழுவில் பெயர் இருக்கிறது. ஒருநாளும் ஒரு வார்த்தை எழுதியதில்லை. வாத்தியார் வருகிற ஒன்றுகூடல் எதற்கும் அவர் வந்ததில்லை.

முதலில் அக்கா தன் பாட்டை எழுதிக் கொடுத்தார். பிறகு மீன் தீவனக்காரர் பெயரில் ஒன்று, குளத்தை வைத்து. சின்ஜியாங்கில் இருக்கிறவர் பெயரில் ஒன்று, பனியை வைத்து. பன்னிரண்டு நாளில் அடுத்தவர் பெயரில் ஒன்பது பாட்டு. கேட்டவர்கள் நான்கு பேர்தான். மற்ற ஐந்து பேருக்கு அவர்கள் பெயரில் வாத்தியாரைப் புகழ்ந்திருப்பதே தெரியாது. அந்த ஐந்தில் கடைசியாக எழுதியது லுவோ சுன்ஷெங்கின் பாட்டு.

நான் அந்த நாட்களில் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். படித்துக் காட்டுவார். நன்றாக இருக்கிறது என்பேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு கிழவர் சந்தோஷமாக இருக்கட்டுமே என்றுதான் எனக்கும் தோன்றியது.

செப்டம்பர் ஏழாம் தேதி, பகல் மூன்றரை மணி இருக்கும். நான் பிரதி எடுக்கப் போயிருந்தேன். வாத்தியாரின் மகள் ஹுய்லான் வந்தார். அப்பாவைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்டுவிட்டு அவரோடு இருக்கிறவர். கையில் ஒரு தடித்த உறை.

"அக்கா, உங்க வகுப்புக்காரங்க சேர்ந்து எங்கப்பாவைக் கொன்னுடுவீங்க போல."

"என்னம்மா ஆச்சு?"

"பத்து பாட்டு வந்துதுல்ல? பத்துக்கும் பதில் எழுதுறார். மாணவனுக்குக் கடன் வெச்சுட்டுப் போகக்கூடாதாம். மத்தியானம் தூங்குறதில்லை. சொட்டு மருந்து போட வந்தா, இரு இரு இந்த வரி முடியட்டுங்கிறார். காலண்டர் பின்பக்கத்துல ஒவ்வொரு எழுத்தும் சோத்துக் கிண்ணம் அளவுக்கு எழுதுறார், அப்பத்தானே தெரியுது!"

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கும்தான். புகழ்ந்து பத்துப் பாட்டு அனுப்பினால், புகழப்பட்டவர் பத்துப் பாட்டுத் திருப்பி எழுதியாக வேண்டும். அந்த வழக்கத்திலேயே பிறந்து வளர்ந்த அக்காவே அதை மறந்துபோனார்.

"எல்லாம் முடிஞ்சுது. இந்தாங்க, அவங்கவங்களுக்கு அனுப்பிடுங்க" என்று உறையை நீட்டினார் ஹுய்லான். "ஆனா பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாராம்."

"ஏன்?"

"சுன்ஷெங் அண்ணன்கிட்டேயிருந்து பதில் வரணுமாம். வந்தாத்தான் கிளம்புவாராம். அவர் பாட்டைப் படிச்சுக் காட்டின அன்னிக்கு மூணு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் சோறே வேணாம்னுட்டார். பானைச் சூப்பு ஆறி, மேல கொழுப்பு கட்டிப்போச்சு. என்ன எழுதியிருந்தார் அதுல? எனக்கு ஒண்ணும் புரியலை."

ஹுய்லான் போன பிறகு அக்கா உறையிலிருந்து சுன்ஷெங்குக்கான காலண்டர் தாளை எடுத்து விரித்தார். அடிக்கும் வெயிலில் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினார். எனக்கும் சீன எழுத்து படிக்கத் தெரியும். வாத்தியாரின் பதிலில் கடைசி இரண்டு வரி இப்படி இருந்தது:

அன்று உன்னை எழுந்து நிற்கச் சொன்னேன்;
இன்று நான் நிற்கிறேன், நீ உட்காரச் சொல்லும்வரை.

"உக்காரு தம்பி" என்றார் அக்கா. பிறகு சொன்னார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. சீனாவில் முதல் முதலாக ஆசிரியர் தினம் கொண்டாடிய வருடம். பள்ளிக்கு ஒரு மாணவர், ஆசிரியரைப் புகழ்ந்து பழைய முறையில் ஒரு பாட்டு எழுதி அனுப்ப வேண்டும் என்று மாவட்டத்தில் கேட்டிருந்தார்கள். நியே வாத்தியார் வகுப்பில் எல்லாரையும் எழுதச் சொன்னார். சுன்ஷெங்குக்குப் பதினாறு வயது. செருப்பில்லாமல் வருவான், மீன் வாடை அடிக்கும். அவன் எழுதிய பாட்டில் ஒரு வரி: கரும்பலகையில் அழித்த எழுத்தெல்லாம் அவர் சட்டைக் கையில் ஏறி வீட்டுக்குப் போகிறது.

வாத்தியார் அதைப் படித்தார். அவனை எழுந்து நிற்கச் சொன்னார். "இது உன் எழுத்தில்லை. யார் எழுதிக் கொடுத்தது?" என்றார். நான்தான் என்றான். "பொய் சொன்னா நின்னுக்கிட்டே இரு." அவன் ஒரு பாடவேளை முழுக்க நின்றான். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வந்தான். ஆனால் அதன்பிறகு மொழிப்பாடத்தில் விடைத்தாளை வெறுமையாகவே கொடுத்தான். கல்லூரித் தேர்வில் அவனைக் கவிழ்த்ததும் மொழிப்பாடம்தான்.

"அவன் முன்பெஞ்சு. நான் நேர் பின்னாடி. மூணு நாள் அவன் எழுதினான் தம்பி. எழுதுவான், அடிப்பான், எழுதுவான். 'சட்டைக் கை'ங்கிற வார்த்தை கிடைக்கிறதுக்கு முன்னாடி அவன் வேற நாலு வார்த்தை போட்டுப் பாத்தான். அந்த நாலும் எனக்கு இன்னிக்கும் மனப்பாடம்."

"அப்ப வாத்தியார்கிட்ட நீங்க சொல்லலையா?"

"சொல்லலை. அவன் பாட்டு போகலைன்னா அடுத்தது என் பாட்டு. எனக்குத் தெரியும். போச்சு. பரிசும் வந்துது. மேடையேறி வாங்கினேன்."

இயந்திரம் ஒன்று தானாகவே ஒருமுறை உறுமி அடங்கியது.

"இப்ப அவன் பேர்ல எழுத உக்காந்தப்ப மூணு நாள் ஒண்ணும் வரலை. அவன் எப்படிப் பேசுவான்னே தெரியலை எனக்கு. கடைசியில அந்தச் சட்டைக் கையைத் தூக்கி வெச்சேன். வெச்சதும் மீதி ஏழு வரி தானா வந்துது. வாத்தியார் அதைப் பாத்துட்டு, அப்ப அன்னிக்கும் இவன்தான் எழுதினான்னு நம்பிட்டார். நான் திருடினதை வெச்சு அவன் திருடலைன்னு கண்டுபிடிச்சிருக்கார்."

இந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் எல்லாம் கெட்டுப்போகும் என்று நினைக்கிற ஆள் நான். படிவம் நிரப்பி நிரப்பி வளர்ந்த புத்தி அது. கேட்டதற்கு மட்டும் பதில், கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்தும் கூடாது.

"பதினெட்டுக்கு இன்னும் பதினோரு நாள்தான் இருக்கு அக்கா. 'உட்காருங்கள் ஐயா'ன்னு சுன்ஷெங் பேர்ல ஒரு எட்டு வரி எழுதிட்டா போதும். வாத்தியார் ஆஸ்பத்திரிக்குப் போவார். கண்ணு பிழைக்கும். யாருக்கு நஷ்டம்?"

அக்கா ஒரு தாளை இழுத்துப் போட்டார். பிறகு பேனாவை எடுத்தார். நான்கு வரி எழுதினார். என்னால் சொல்ல முடியும், அவர் எழுதியதிலேயே மிகச் சிறந்த நான்கு வரி அவை. ஐந்தாவது வரியில் பேனா நின்றது.

"மன்னிக்கிறதை எழுதணும் இப்ப. அதை எப்படி தம்பி நான் எழுதுறது?" என்று கேட்டுவிட்டு, கைபேசியை எடுத்து லுவோ சுன்ஷெங்கின் எண்ணைத் தேடினார். மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை என்றார்.

பட்டறைச் சத்தம். பிறகு ஒரு கட்டைக் குரல்.

"யாரு?"

"நான் கான் ருய்ஜென். உன் வகுப்பு."

"பரிசுக்காரியா? சொல்லு. நன்கொடையா, கல்யாணமா, சாவா?"

அக்கா சொன்னார். எதையும் விடாமல் சொன்னார். அவர் பெயரில் பாட்டு எழுதியது, அந்தச் சட்டைக் கை, வாத்தியாரின் பதில், கடைசி இரண்டு வரி. அந்தப் பக்கம் பட்டறைக் கதவை யாரோ சாத்தினார்கள், சத்தம் அடங்கியது.

"என் வரியையும் எடுத்துட்டியா?"

"ஆமா."

"நல்லாயிருக்கு போ. நான் எழுதினதை எவனோ எழுதினான்னு சொன்னார். இப்ப நீ எழுதினதை நான் எழுதினேன்னு நம்புறார். அந்த மனுஷனுக்குக் கண்ணு இன்னிக்கு நேத்தா கெட்டுது? எண்பத்தஞ்சுலயே ஆபரேஷன் பண்ணியிருக்கணும்."

அக்கா அழவில்லை. "சுன்ஷெங், ஒரு வரி எழுதிக் குடு. நிஜமா உன் வரியா ஒண்ணே ஒண்ணு" என்றார்.

"எனக்கு வராது. அன்னிக்கு நின்னதோட சரி. ரசீதுல பேர் எழுதுறதோட என் எழுத்து முடிஞ்சுது." குரல் தாழ்ந்தது. "நீ எனக்குப் பின்னாடி பெஞ்சுல இருந்தே. மூணு நாளும் என் தோள் மேல எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தே. நின்னப்ப நான் ஒரு தடவை திரும்பி உன்னைப் பாத்தேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அவர்கிட்டப் போயி அதைச் சொல்லு. எனக்குப் பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். என் பேர்ல இன்னொரு எழுத்து எழுதினா நானே ஊருக்கு வந்துடுவேன், பாத்துக்கோ."

வைத்துவிட்டார்.

அக்கா உடனே போகவில்லை. எட்டாம் தேதி பள்ளியில் அச்சு வேலை என்றார். ஒன்பதாம் தேதி தலைவலி என்றார். வாத்தியார் ஐந்து மணிக்குப் போன் செய்தபோது இரண்டு நாளும் எடுக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று அது அடித்து ஓய்வதைக் கேட்டேன். பத்தாம் தேதி இங்கே ஆசிரியர் தினம். காலையிலேயே பிள்ளைகள் பூவும் கையுமாகப் பின்வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா கடையைப் பூட்டினார்.

"நீயும் வா. மாடிப்படியில திரும்பிடுவேன். நீ பின்னாடி ஏறி வா, அப்ப இறங்க வழியிருக்காது."

ஆசிரியர் குடியிருப்பில் மூன்றாவது மாடி. இரண்டாவது மாடியில் உண்மையிலேயே நின்றார். நான் நகரவில்லை. அந்த ஒரு காரியத்தைத்தான் இதில் நான் சரியாகச் செய்தேன்.

வாத்தியார் பால்கனிப் பக்கம் நாற்காலியில் இருந்தார். காய்ந்த பீர்க்கங்காய்க் கூடுகள் கம்பியில் தொங்கின. ஹுய்லான் தேநீர் வைத்தார்.

"ருய்ஜென்னா? ரெண்டு நாளா ஆளையே காணோம். தபால் வந்துதா?"

அக்கா உட்காரவில்லை. "ஐயா, என்னோடது போக வந்த ஒம்பது பாட்டும் நான்தான் எழுதினேன். யாரும் எழுதலை."

வாத்தியார் தலையைச் சாய்த்துக் கேட்டார். "மீன் தீவனக்காரனோடதுமா?"

"ஆமாங்கய்யா."

"அது நல்லாயிருந்துதே! இவனுக்கு எப்படா அறிவு வந்துதுன்னு ராத்திரி பூரா ஆச்சரியப்பட்டேனே." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "சுன்ஷெங்கோடது?"

"அதுவும்."

"அந்தச் சட்டைக் கை?"

"அது மட்டும் அவனோடது. எண்பத்தஞ்சுல அவனே எழுதினது. மூணு நாள் எழுதினான். நான் பின்னாலேருந்து பாத்தேன்."

ஹுய்லான் தேநீர்க் கெண்டியைப் பிடித்தபடியே நின்றார். வாத்தியார் வலது கண்ணை அக்கா பக்கம் திருப்பினார். எவ்வளவு தெரிந்ததோ.

"மூணு நாளும் பாத்தே."

"பாத்தேன்."

"நான் அவனை நிக்க வெச்சப்ப நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

"குனிஞ்சு பென்சில் சீவிக்கிட்டிருந்தேன். அது ஏற்கெனவே கூராத்தான் இருந்துது."

 கீழே பிள்ளைகள் யாருக்கோ வாழ்த்துச் சொல்லிக் கத்துவது கேட்டது. அக்கா நின்றபடியே இருந்தார். வாத்தியார் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"உனக்கு நான் எழுதின பதில் எங்கே?"

அக்கா பையிலிருந்து எடுத்தார். நான் அதைப் படித்திருக்கிறேன். என் வகுப்பில் வளையாத கோடு ஒன்று உண்டு, அது நீ என்று அதில் இருந்தது.

"குடு."

கொடுத்த பதிலைத் திருப்பிக் கேட்பது என்று ஒன்றை இத்தனை வருடத்தில் நான் இங்கே கேள்விப்பட்டதில்லை. சண்டை போட்டுப் பிரிந்த நண்பர்கள்கூட ஒருவர் பாட்டை ஒருவர் வைத்துக்கொள்வார்கள். அக்கா இரண்டு கையாலும் நீட்டினார். வாத்தியார் அதை நான்காக மடித்து மகளிடம் கொடுத்தார்.

"உள்ள வை." பிறகு சொன்னார், "உன்மேல எனக்குக் கோபம் பாதிதான். மீதிப் பாதிக்குச் சொந்தக்காரன் நான். படகுக்காரன் பிள்ளைக்கு இப்படி எழுத வராதுன்னு முடிவு பண்ணினது நான். நீ பேசியிருந்தா நான் நம்பியிருப்பேனான்னும் தெரியலை."

"ஐயா, ஆஸ்பத்திரி…"

"போறேன். அதுக்கு முன்னாடி எழுதிக்கோ. பாட்டு இல்லை. பாட்டுல எழுதினா அழகாயிடும். வெறும் வாக்கியம்."

அக்கா ஹுய்லானிடம் பேனா வாங்கி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். வாத்தியார் வகுப்பில் சொல்வதுபோல, இடைவெளி விட்டு விட்டுச் சொன்னார்.

"எண்பத்தைந்து செப்டம்பரில், மாணவன் லுவோ சுன்ஷெங் எழுதிய பாட்டை அவன் எழுதவில்லை என்று வகுப்பின் முன் சொன்னேன். அவனை நிற்க வைத்தேன். அது அவன் எழுதியதே. தவறு என்னுடையது. அவன் எழுதியதைக் கண்ணால் கண்டவள் கான் ருய்ஜென். அவள் அன்று பேசவில்லை. அவனுக்குப் போயிருக்க வேண்டிய பரிசு அவளுக்குப் போயிற்று. இப்படிக்கு, நியே ஷாவ்தாங்." நிறுத்தினார். "சங்க இதழ்ல முதல் பக்கத்துல போடு. எனக்குக் கண்ணு கட்டியிருக்கும். யாராவது படிச்சுக் காட்டட்டும்."

பதினெட்டாம் தேதி அறுவை சிகிச்சை நடந்தது. கண் பிழைக்குமா என்பது கட்டுப் பிரித்த பிறகுதான் தெரியும் என்றார்கள்.

இருபதாம் தேதி இதழ் அச்சுக்குப் போக வேண்டும். நான் கடையில் இருந்தேன். முதல் பக்கம் கணினித் திரையில் இருந்தது. இங்கே நான் இரண்டாவது தடவை வாயைத் திறந்தேன்.

"அக்கா, 'கண்ணால் கண்ட ஒருவர்'னு போட்டா போதாதா? விஷயம் அதேதானே. இருநூறு பேர் படிப்பாங்க. இந்தத் தெருவுலதான் நீங்க கடை நடத்தணும். வாத்தியாரால படிக்கவும் முடியாது."

அக்கா திரையின் பக்கம் திரும்பினார். சுட்டியை இழுத்தார். தன்னைப் பற்றிய மூன்று வாக்கியமும் திரையில் நீலமாயின. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். சங்கத்துக்காரர்கள் எழுத்தையெல்லாம் யாருக்கும் தெரியாமல் திருத்திய அதே விரல். அந்த நேரம் ஒரு அம்மாள் வீட்டுப் பத்திரத்தோடு வந்தார். "ரெண்டு பக்கமுமா, ஒரு பக்கமா?" என்று கேட்டு, எடுத்துக் கொடுத்து, அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். திரையில் வேறு எங்கோ ஒரு இடத்தைத் தட்டினார். நீலம் போய்விட்டது. அச்சிடச் சொல்லிக் கட்டளை கொடுத்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியது.

"தம்பி, நீ கெட்டவன் இல்லை. ஆனா உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒருத்தி நல்லது பண்றது ரொம்பக் கஷ்டம்" என்றார், தாளைப் பார்த்தபடியே.

 தாள்களை அடுக்கிக் கொடுத்தேன். ஒரு பிரதியை அன்றைக்கே குவாங்டாங்குக்கு அனுப்பினார். இதுவரை அங்கிருந்து ஒன்றும் இல்லை.

இருபத்துநான்காம் தேதி வாத்தியார் வீடு திரும்பியிருந்தார். அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். குடியிருப்பின் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"நீ போய்ப் படி. என் வாயால படிச்சா அவர் நம்ப மாட்டார். நம்பவும் கூடாது."

வாத்தியார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு. நான் இதழைப் பிரித்து முதல் பக்கத்தைப் படித்தேன். என் உச்சரிப்பு எத்தனை வருடமானாலும் இந்த ஊர்க்காரர்களுக்குச் சிரிப்புத்தான், அவர் சிரிக்கவில்லை. 'கண்ணால் கண்டவள்' என்ற இடத்தில் கையைத் தூக்கினார்.

"அந்தப் பேரை இன்னொரு தடவை படி."

"கான் ருய்ஜென்."

"அச்சுல இருக்கா? நீயா சேத்துப் படிக்கிறியா?"

"அச்சுல இருக்குங்கய்யா."

அவர் விரலால் தாளைத் தடவினார், மை மேடிட்டிருப்பது தெரியும் என்பதுபோல. "விட்டிருப்பாள்னு நெனச்சேன்" என்றார்.

நான் மீதியைப் படித்து முடித்தேன். இதழை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார், "கீழ நிக்கிறாளா?"

"ஆமாங்கய்யா."

"மேல வரச் சொல்லாதே. இன்னிக்கு வேணாம்."

கீழே இறங்கினேன். அக்கா மிதிவண்டிகள் நிறுத்துகிற கொட்டகையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சொன்னார்?"

மென்மையாக்கிச் சொல்ல எனக்கு நாலைந்து வழி உடனே தோன்றியது. இரண்டு மொழியிலும் தோன்றியது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அவர் சொன்னதை அவர் சொன்ன வரிசையில் சொன்னேன், கடைசி வார்த்தை உட்பட.

அக்கா தலையை ஆட்டினார். நாங்கள் கடைப் பக்கமாக நடந்தோம்.